எத்தனை நாள் இருப்பேன், டாக்டர்?

1990-களில் சென்னையில் 'எச்.ஐ.வி. பாசிட்டிவ்' என்ற ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியவர்கள் முதலில் கேட்டது இதைத்தான். சிலர் வாய்விட்டுக் கேட்டார்கள். சிலருக்காகக் கூட வந்த அண்ணனோ மாமனாரோ நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு, தனியாக உள்ளே வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் சாவு பயம் மட்டும் இல்லை. பெரியவளின் கல்யாணத்தை இந்தத் தை மாதமே முடித்துவிடலாமா, கடனை யார் தலையில் கட்டுவது, சின்னப் பிள்ளையை யார் வீட்டில் விடுவது என்று ஒரு குடும்பத்தின் மொத்தக் கணக்கும் இருந்தது.

மருத்துவர்களிடம் பதில் இல்லை. இருந்த புத்தகங்கள் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் நியூயார்க்கிலும் பார்த்த நோயாளிகளை வைத்து எழுதப்பட்டவை. அங்கே எய்ட்ஸ் நோயாளியைக் கொன்றது பெரும்பாலும் நியூமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் தொற்று. இங்கே வந்தவர்களோ இருமிக்கொண்டு, எடை இறங்கி, சாயங்காலக் காய்ச்சலோடு வந்தார்கள். காசநோய்க் கிருமி முன்பே குடியேறிய உடம்புகள் அவை. ரத்தசோகையும் அரைவயிற்றுச் சாப்பாடும் வேறு. இந்த உடம்பில் எச்.ஐ.வி. எப்படி நடந்துகொள்ளும், எந்த மருந்து தாங்கும், எத்தனை வருடம் தாக்குப்பிடிக்கும் என்று யாரும் கணக்கெடுத்திருக்கவில்லை.

அந்தக் கணக்கை நம் ஊரில், நம் நோயாளிகளை வைத்து எடுத்தவர் டாக்டர் சுனிதி சாலமன். எச்.ஐ.வி. இந்தியாவில் இருப்பதைக் கண்டுபிடித்தவர் என்றுதான் அவரைப் பலரும் அறிவார்கள். 1986-ல் நடந்த அந்தக் கண்டுபிடிப்பு பெரியதுதான். ஆனால் அதற்குப் பிறகு ஏறக்குறைய முப்பது வருடம் அவர் செய்த வேலை அதைவிடப் பெரியது என்பது என் துணிபு. அந்த வேலைதான் மேலே சொன்ன கேள்விக்குப் பதில் தந்தது.

தோல் வியாபாரியின் ஒரே மகள்

சென்னையில் தோல் வியாபாரம் செய்த மராட்டியக் குடும்பம் கைதொண்டே குடும்பம். எட்டுப் பிள்ளைகளில் ஒரே பெண் சுனிதி. வருடந்தோறும் தடுப்பூசி போட வீட்டுக்கு வந்த சுகாதார அதிகாரியைப் பார்த்துத்தான் தனக்கு மருத்துவத்தில் ஆசை வந்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தார். உடன் பழகிய விக்டர் சாலமனை மணந்தார். அவர் இதய அறுவை சிகிச்சை நிபுணர். இருவரும் இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று பணியாற்றிவிட்டு 1973-ல் சென்னைக்கே திரும்பினார்கள். சுனிதி, தான் படித்த கல்லூரியிலேயே நுண்ணுயிரியல் துறையில் சேர்ந்தார்.

நுண்ணுயிரியலாளருக்கு நோயாளி என்பவர் ஒரு கண்ணாடிக் குழாயில் வந்து சேரும் ரத்தம். குழாயின் மேல் ஒரு எண் இருக்கும். முகம் தெரியாது. சுனிதியின் வேலையும் நாற்பது வயதைத் தாண்டும் வரை அப்படித்தான் இருந்தது.

1980-களின் நடுவில் எய்ட்ஸ் அமெரிக்காவின் நோயாகவே இங்கே பேசப்பட்டது. நம் பண்பாட்டில் அதற்கு இடமில்லை என்று பத்திரிகைகளும் தலைவர்களும் நம்பினார்கள். தன் முதுகலை மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம், ஆய்வேட்டுக்கு இதையே எடுத்துக்கொள் என்றார் சுனிதி. மும்பையில் சோதித்த மாதிரிகளில் ஒன்றும் கிடைக்காத நேரம் அது. நிர்மலாவுக்குத் தயக்கம்; கணவர் ராமமூர்த்திதான் தைரியம் சொன்னார். பாலியல் தொழிலில் கைதான பெண்களை வைத்திருந்த மயிலாப்பூர் விஜிலென்ஸ் ஹோமுக்குத் தன் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். மூன்று மாதத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகள். கையுறை கிடையாது. சேகரித்த சீரம் நிர்மலா வீட்டு ஃபிரிட்ஜில், சாப்பாட்டுச் சாமான்களுக்குப் பக்கத்தில் இருந்தது.

சென்னையில் எலிசா பரிசோதனைக்கு வசதி இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் இருந்தது. 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் கணவரும் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கினார்கள். அங்கே வைராலஜித் துறையின் தலைவர் ஜேக்கப் ஜான். எலிசா தட்டு சிறு சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் பலகை. கிருமிக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருந்தால் அந்தக் குழி மஞ்சளாகும். ஆறு குழிகள் மஞ்சளாயின. மறுபடி ரத்தம் எடுத்து, அமெரிக்காவில் வெஸ்டர்ன் பிளாட் சோதனையும் செய்து உறுதிப்படுத்தினார்கள். அதன் பிறகே சட்டமன்றத்தில் அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி.ஹண்டே அதை அறிவித்தார்.

நிர்மலா 1987 மார்ச்சில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, தேர்வெழுதி, வேறு பணிக்குப் போனார். உலகின் முதல் எச்.ஐ.வி. மருந்தான ஏ.இசட்.டி.க்கு அமெரிக்கா அனுமதி கொடுத்ததும் அதே மார்ச்சில்தான். ஆக, அந்த ஆறு பெண்களுக்கு நோய் கண்டறியப்பட்டபோது அவர்களுக்குக் கொடுக்க எவரிடமும் ஒரு மாத்திரைகூட இல்லை. நோய் இருக்கிறது என்று சொல்ல முடிந்தது, அதற்கு மேல் ஒன்றும் முடியவில்லை. இந்த இடத்தில் பலருடைய ஆராய்ச்சி முடிந்துவிடும். சுனிதியுடையது இங்கேதான் திசை மாறியது.

குழாயிலிருந்து ஆளுக்கு

1988-ல் மருத்துவக் கல்லூரியிலேயே எய்ட்ஸுக்காக ஒரு குழுவைத் தொடங்கினார். பரிசோதனை, ஆலோசனை, பள்ளி கல்லூரிகளில் பேச்சு. அந்த நாட்களில் எச்.ஐ.வி. உள்ளவரைத் தொட டாக்டர்களே அஞ்சினார்கள். பிரசவ வலியோடு வந்த பெண்ணை, ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது சாதாரணம். சுனிதியின் வீட்டிலும் முதலில் கலக்கம் இருந்தது. அந்த நோயாளிகளின் கதையை ஒருமுறை கேட்டால் இப்படிச் சொல்ல மாட்டீர்கள் என்பதே கணவருக்கு அவர் தந்த பதில்.

1993-ல் அரசுப் பணியை விட்டு வெளியே வந்து, தந்தையின் பெயரில் ஒய்.ஆர்.கைதொண்டே எய்ட்ஸ் ஆராய்ச்சி, கல்வி மையத்தைத் தொடங்கினார். ஒய்.ஆர்.ஜி. கேர் என்றால் சென்னையில் தெரியும். தி.நகரில் சிறு இடத்தில் ஆரம்பித்தது. பிறகு தரமணியில் டாக்டர் கே.எஸ்.சஞ்சீவி தொடங்கிய வி.எச்.எஸ். ஆஸ்பத்திரி வளாகம் அதற்கு இடம் கொடுத்தது. எச்.ஐ.வி. நோயாளிகள் வந்துபோகும் இடத்துக்கு வாடகைக்குக் கட்டடம் கிடைப்பதே அரிதாக இருந்த காலத்தில் இது சின்ன உதவி அல்ல.

நோயாளிகள் ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும்கூட வந்தார்கள். சொந்த ஊரில் பரிசோதித்தால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்ற பயம். டாக்டர் என்.குமாரசாமி இளம் மருத்துவராக இங்கே சேர்ந்தார். பின்னாளில் சிகிச்சை ஆய்வுகளின் பெரும்பகுதியைத் தலைமையேற்று நடத்தியவர் அவர். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்திலிருந்து கென்னத் மேயர் போன்றவர்கள் கூட்டு சேர்ந்தார்கள்.

வந்தவர்களில் சுனிதியைத் திகைக்கவைத்தவர்கள் இல்லத்தரசிகள். 134 பெண் நோயாளிகளைப் பற்றிய ஒரு கட்டுரையை அவரும் சகாக்களும் 2000-ல் வெளியிட்டார்கள். அந்தப் பெண்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் குடும்பத் தலைவிகள். கணவனைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். பாலியல் தொழிலாளி, லாரி டிரைவர் என்று நோயை ஒரு மூலையில் ஒதுக்கிப் பேசிக்கொண்டிருந்த நாட்டுக்கு இந்தக் கட்டுரை சொன்ன செய்தி கசப்பானது. இந்தப் பெண்கள் 'ஒழுக்கமாக இருங்கள்' என்ற அறிவுரையை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தவர்கள். நோய் அவர்களுக்குத் தாலி கட்டியவர் வழியாகவே வந்தது. சில வருடம் கழித்து 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரமாகத் தமிழ்நாட்டுச் சுவர்களெல்லாம் கேட்டது நினைவிருக்கும். எங்கும் அதுவே பேச்சாக இருந்த நாட்களில், புள்ளிராஜாவின் மனைவி தரமணி வராந்தாவில் கைக்குழந்தையோடு வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

92 மாதங்கள்

நோயின் போக்கை அறிய ஒரே வழி, ஒரே நோயாளியை வருடக்கணக்கில் விடாமல் பார்ப்பது. இன்று சி.டி.4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் எவ்வளவு, எடை எவ்வளவு, என்ன தொற்று வந்தது, எப்போது வந்தது, என்ன மருந்து கொடுத்தோம், ஆறு மாதம் கழித்து என்ன ஆனது என்று எல்லாம் ஃபைலில் ஏற வேண்டும். கேட்க எளிது. ஆனால் அந்த ஆள் திரும்பி வந்தால்தானே ஃபைல் நிறையும்! பொய்ப் பெயரும் பொய் முகவரியும் கொடுத்துவிட்டுப் போகிறவர், நர்ஸ் முகத்தைச் சுளித்தால் மறுமுறை வர மாட்டார். அவர் வராவிட்டால் பிழைத்தாரா, இறந்தாரா என்று தெரியாது. பாதி ஃபைலை வைத்து எந்தப் புள்ளிவிவரமும் போட முடியாது.

சுனிதியின் மையத்தில் கவுன்சிலர் நோயாளியுடன் மணிக்கணக்கில் உட்கார்ந்ததையும், தொட்டுப் பரிசோதித்ததையும், குடும்பத்தோடு பேசியதையும் பலர் தொண்டு என்று பாராட்டினார்கள். அது தொண்டு மட்டும் இல்லை, ஆராய்ச்சிக்கு அஸ்திவாரமே அதுதான் என்று நான் நினைக்கிறேன். மரியாதையாக நடத்தப்பட்டவர்கள் திரும்பி வந்தார்கள். அவர்கள் திரும்பி வந்ததால்தான் தென்னிந்தியாவில் இந்த நோய் எப்படி நடக்கிறது என்பது உலகத்துக்குத் தெரிந்தது.

2003-ல் அந்த விவரம் ஒரு கட்டுரையாக வந்தது. 594 நோயாளிகள். காசநோய்தான் முதலிடத்தில் இருந்தது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு நுரையீரல் டி.பி. அமெரிக்கப் புத்தகத்தின் நாயகனான நியூமோசிஸ்டிஸ் நூற்றில் ஆறு பேருக்கு மட்டும். கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சல் அதற்கு அடுத்து. சி.டி.4 அணுக்கள் 200-க்குக் கீழே போனவர்கள் இறக்கும் வாய்ப்பு, 350-க்கு மேல் இருந்தவர்களைவிட 19 மடங்கு. பரிசோதனையில் நோய் தெரிந்த நாளிலிருந்து சராசரி ஆயுள் 92 மாதங்கள்.

ஏழு வருடம் எட்டு மாதம். நாளைக்கே செத்துவிடுவோம் என்று நினைத்து வயலை விற்றவர்களுக்கு, மகளின் படிப்பை நிறுத்தியவர்களுக்கு, முதல்முறையாகச் சொல்வதற்கு ஒரு எண் கிடைத்தது. டாக்டர்களுக்கும் அது பயன்பட்டது. இந்த ஊரில் எச்.ஐ.வி. என்றால் முதலில் நெஞ்சு எக்ஸ்ரே எடு, சளியைச் சோதி என்பதற்கு ஆதாரம் கிடைத்தது.

இதே குழு செய்த இன்னொரு ஆய்வு என்னை இன்றும் வியக்கவைப்பது. சி.டி.4 எண்ணும் கருவி விலையுயர்ந்தது. ஒருமுறை சோதிக்கக் கூலித் தொழிலாளியின் பல நாள் சம்பளம் போய்விடும். அந்தக் கருவியே இல்லாத தாலுகா ஆஸ்பத்திரி டாக்டர் என்ன செய்வார்? எந்த லேபிலும் சில ரூபாயில் எடுக்கக்கூடிய சாதாரண ரத்த எண்ணிக்கையில் லிம்போசைட் என்ற வெள்ளையணுக்களின் கணக்கு இருக்கிறது. அது 1400-க்குக் கீழே போனால் சி.டி.4 200-க்குக் கீழே போயிருக்க வாய்ப்பு அதிகம் என்று 2002-ல் காட்டினார்கள். துல்லியமான கணக்கு இல்லைதான். ஆனால் தொற்றைத் தடுக்கும் மலிவான செப்ட்ரான் மாத்திரையை எப்போது தொடங்குவது என்று தீர்மானிக்க அது போதும். ஏழை நாட்டு ஆராய்ச்சி எதைத் தேட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மருந்து வந்தது, கன்னம் ஒட்டியது

மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸ் அடங்கும் என்று 1996-ல் வான்கூவர் மாநாட்டில் உலகுக்குத் தெரிந்துவிட்டது. விலை ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். தரமணியில் வரிசையில் நின்றவர்களுக்கு அது வேறு கிரகத்துச் செய்தி. 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனத்தைச் சேர்ந்த யூசுஃப் ஹமீத், அதே கூட்டு மருந்தை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தார். நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவு.

மலிவான இந்திய மருந்து, அசல் மருந்து அளவுக்கு வேலை செய்யுமா என்று மேலைநாடுகளில் சந்தேகம் எழுந்தது. சந்தேகத்துக்குப் பதில் சொல்லும் ஃபைல்கள் சென்னையில் இருந்தன. மருந்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2005-ல் வெளியிட்டார்கள். 1997-ல் நூறு நோயாளிகளுக்கு 25 என்றிருந்த மரணம் 2003-ல் ஐந்தாகக் குறைந்திருந்தது. இந்திய ஆலைகளில் செய்த மாத்திரைகள் உயிரைக் காக்கின்றன என்று உலகம் அறிந்ததில் சென்னையின் அந்த ஃபைல்களுக்குப் பங்கு உண்டு.

ஆனால் அதே ஃபைல்கள் வேறொன்றையும் காட்டின. மருந்தை மாற்ற நேர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பக்கவிளைவால் மாற்றினார்கள். அடுத்த காரணம் செலவு. ஸ்டாவுடின் என்ற மருந்து மலிவானது. நன்றாக வேலை செய்தது. கூடவே முகத்திலிருக்கும் கொழுப்பைக் கரைத்தது. கன்னம் ஒட்டி, நெற்றிப் பொட்டு குழிந்து, கை நரம்புகள் புடைத்துத் தெரியும். பாதம் எரியும், செருப்புப் போட முடியாது, ராத்திரி தூக்கம் வராது. உயிர் பிழைத்த ஒருவரின் முகத்தைப் பார்த்தே ஊர் நோயைக் கண்டுபிடித்துவிடும். அதற்கு மாற்றான ஜிடோவுடின், ரத்தத்தைக் குறைத்தது. முன்பே ஹீமோகுளோபின் எட்டும் ஒன்பதுமாக இருக்கும் நம் பெண்களுக்கு அதைத் தாங்குவது கடினம். இந்தப் பாடுகளை நோயாளிகளே வந்து சொன்னார்கள், குமாரசாமியும் சுனிதியும் வரிசையாக எழுதி வெளியிட்டார்கள். ஸ்டாவுடினைப் படிப்படியாக நிறுத்தச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியதற்கு இப்படிப் பல ஏழை நாடுகளிலிருந்து வந்த சாட்சியங்களே காரணம்.

2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு ஏ.ஆர்.டி. எனப்படும் இந்தக் கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாகத் தொடங்கியது. முதல் எட்டு ஆஸ்பத்திரிகளில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோய்க்காகத் தொடங்கிய இடம், எச்.ஐ.வி. நோயாளிகள் நாட்டிலேயே அதிகமாக வந்த ஆஸ்பத்திரிகளில் ஒன்றாகியிருந்தது. காசு இல்லை என்பதற்காக ஒருவர் மருந்தை நிறுத்தும் நிலை அன்றோடு மாறத் தொடங்கியது.

எல்லா முயற்சியும் பலிக்கவில்லை. சென்னைக் குடிசைப் பகுதிகளில் ஒயின்ஷாப்புகளை மையமாக வைத்து, அங்கே பேச்சு எடுபடக்கூடிய ஆட்களைப் பிடித்துப் பயிற்சி கொடுத்து, அவர்கள் மூலம் பாதுகாப்பான உறவைப் பற்றிப் பரப்பும் ஒரு பெரிய ஆய்வில் ஒய்.ஆர்.ஜி. கேர் பங்கெடுத்தது. ஐந்து நாடுகளில் நடந்தது. முடிவில், பயிற்சி கொடுத்த இடத்துக்கும் கொடுக்காத இடத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பெண்கள் தாங்களே பயன்படுத்தக்கூடிய செல்லுலோஸ் சல்பேட் ஜெல்லைச் சோதிக்கும் ஆய்வு, பாதுகாப்புக் காரணத்துக்காக 2007 ஜனவரியில் பாதியில் நிறுத்தப்பட்டது. சென்னையும் அதில் ஒரு மையம். கணவனிடம் ஆணுறை போடச் சொல்ல முடியாத பெண்ணுக்கு ஒரு காப்பு வேண்டும் என்று பாடுபட்டவர்களுக்கு அது பெரிய அடிதான்.

1,763 தம்பதிகள்

கணவனுக்கு இருக்கிறது, மனைவிக்கு இல்லை. அல்லது மறுபக்கம். இப்படிப்பட்ட தம்பதிகள் எல்லா மையங்களிலும் உண்டு. நோயுள்ளவருக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்தால் துணைக்குப் பரவாமல் இருக்குமா? அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்து மைரன் கோஹன் தலைமையில் ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகளை வைத்து நடந்த எச்.பி.டி.என். 052 என்ற ஆய்வு இதைக் கேட்டது. இந்தியாவில் சென்னையும் புனேயும் அதில் இருந்தன. சென்னைப் பகுதியைக் குமாரசாமி நடத்தினார்.

ஒரு பாதிக்கு சி.டி.4 350-க்கும் 550-க்கும் இடையே இருக்கும்போதே மருந்து. மறு பாதிக்கு, அன்றைய வழக்கப்படி, எண்ணிக்கை இறங்கிய பிறகு. எல்லோருக்கும் ஆலோசனையும் ஆணுறையும் உண்டு. 2011 மே மாதம், கண்காணிப்புக் குழு முடிவை உடனே வெளியிடச் சொன்னது. துணையிடமிருந்து தொற்றியது என்று மரபணுச் சோதனையில் உறுதியானவை 28. அதில் 27 தாமதமாக மருந்து பெற்ற பக்கம். முன்கூட்டிப் பெற்ற பக்கம் ஒன்றே ஒன்று. 96 சதவீதப் பாதுகாப்பு. நுரையீரலுக்கு வெளியே வரும் டி.பி.யும் 17-க்கு 3 என்று குறைந்திருந்தது. 'சயின்ஸ்' இதழ் அந்த ஆண்டின் தலைசிறந்த அறிவியல் சாதனையாக இதைத் தேர்ந்தெடுத்தது.

மாத்திரை சாப்பிடுகிறவரையும் காக்கிறது, பக்கத்தில் படுப்பவரையும் காக்கிறது. ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் அது இன்னொருவருக்குப் போவதில்லை. இன்று மருத்துவ உலகம் இதைத் தயக்கமின்றிச் சொல்கிறது. இதைச் சொல்ல முடிவதற்கு, சொந்தக்காரர்களிடம் பொய் சொல்லிவிட்டு, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, வருடக்கணக்கில் ஜோடியாக வந்து ரத்தம் கொடுத்துப்போன சென்னைத் தம்பதிகளும் காரணம். அவர்கள் பெயர் எந்தக் கட்டுரையிலும் வராது, வரவும் கூடாது. ஆனால் அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இதற்குள் தரமணியில் கேட்கப்பட்ட கேள்வியே மாறியிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளலாமா, குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். சுனிதி சாலமன் தன் நோயாளிகளுக்குள் வரன் பார்க்க ஆரம்பித்தார். வயது, படிப்பு, சம்பளம் இவற்றோடு சி.டி.4 எவ்வளவு, ரத்தத்தில் வைரஸின் அளவு (வைரல் லோடு) எவ்வளவு, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்பதும் ஜாதகத்தில் சேர்ந்தது. ஆன் கிம்மும் பிரியா கிரி தேசாயும் எடுத்த 'லவ்சிக்' என்ற ஆவணப்படம் இதைப் பதிவு செய்திருக்கிறது. சிகிச்சையின் பலனை அளக்க சி.டி.4 போதும் என்று அவர் நினைக்கவில்லை. ஒருவர் மறுபடி குடும்பமாக வாழ்ந்தாரா, அவருக்குப் பிறந்த குழந்தை நெகட்டிவா என்பதும் அந்தக் கணக்கில் சேர்ந்தது.

கணவர் விக்டர் 2006-ல் காலமானார். சுனிதி 2015 ஜூலை 28 அன்று, கணையப் புற்றுநோயால், 76 வயதில் சென்னை வீட்டில் இறந்தார். இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் கடைசியில், சி.டி.4 எவ்வளவாக இருந்தாலும் எச்.ஐ.வி. உள்ள எல்லோருக்கும் உடனே மருந்து கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இந்தியா 2017-ல் அதை ஏற்றது. அதே வருடம் அவருக்கு மறைவுக்குப் பின் பத்மஸ்ரீ வந்தது. மகன் சுனில் சாலமன், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தொற்றுநோயியல் ஆய்வாளர். ஊசிவழி போதைப்பொருள் எடுப்பவர்களிடையே எச்.ஐ.வி. பற்றி இந்திய நகரங்களில் ஆய்வு செய்தவர்.

ஃபைலை மூடாதிருக்க

இன்று நம் நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள். 2020 முதல் அரசு மையங்களில் தரப்படும் டொலுடெக்ரேவிர் அடங்கிய மாத்திரை, நாளுக்கு ஒன்று. கன்னம் ஒட்டாது, பாதம் எரியாது. சரியான நேரத்தில் தொடங்கி விடாமல் சாப்பிடுகிறவரின் ஆயுள் ஏறக்குறைய மற்றவர்களுடையதைப் போன்றதே.

அப்படியும் சாகிறார்கள். நோய் முற்றிய பிறகே பரிசோதனைக்கு வருகிறவர்களும், நன்றாக இருக்கிறோமே என்று மருந்தை நடுவில் நிறுத்தியவர்களும்தான் அவர்களில் பெரும்பாலோர். மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு வைட்டமின் டப்பாவில் கொட்டி வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விசேஷ வீட்டுக்குப் போனால் எடுத்துச் செல்லத் தயங்கி, நாலு நாள் விட்டு, பிறகு அப்படியே விட்டுவிடுகிறார்கள். வேலை போய்விடும், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார் என்ற பயம் அவர்களை விடவில்லை. 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், வேலையிலும் பள்ளியிலும் ஆஸ்பத்திரியிலும் வாடகை வீட்டிலும் இவர்களை ஒதுக்குவதைத் தடைசெய்திருக்கிறது. சட்டம் இருப்பதே பலருக்குத் தெரியாது.

தரமணி ஃபைல்கள் சொன்ன பாடத்தை அரசு ஏ.ஆர்.டி. மையங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மருந்தைக் கையில் கொடுத்து அனுப்பினால் போதாது. ஒரு மாதம் வராதவரைத் தேடி, ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் வேண்டும். கேட்பவருக்கு நிரந்தர வேலையும் நியாயமான சம்பளமும் வேண்டும். கவுன்சிலர்களை வருடா வருடம் ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டு நோயாளியின் நம்பிக்கையை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். சந்தேகம் இருந்தால் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன்பு, கர்ப்பம் தரித்தவுடன், நாள்பட்ட இருமலோ எடையிழப்போ இருந்தால் கட்டாயம். அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம், முடிவு உங்களுக்கு மட்டும். மருந்தும் ஆயுள் முழுக்க இலவசம். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் ஒருநாளும் நிறுத்தாதீர்கள். நடுவில் நிறுத்தியவர்கள் வெட்கப்படாமல் மறுபடி போங்கள், திட்ட மாட்டார்கள். விவரம் வேண்டுமென்றால் 1097 என்ற எண்ணுக்குப் பேசலாம். கட்டணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை.